பால் கட்டிக்கிச்சு

தஞ்சோங் ரம்புத்தான் என்று டிக்கெட் கேட்டால்
ஈப்போ பஸ் கவுண்டரில் இன்னும் சிரிக்கிறார்கள்.
எந்த வார்டு, அக்கா?
ஊர்ப் பெயரே வசவு.
பள்ளிக்கூடத்துச் சண்டையில் பிள்ளைகள்
ஒருவரையொருவர் எங்கள் ஊருக்குத்தான் அனுப்பிவைப்பார்கள்.
ஆஸ்பத்திரிக்கு, மகிழ்ச்சி என்று பொருள்படும்படி
மலாயில் பெயர் மாற்றினார்கள்.
ஊர்ப் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பதிவேட்டு அறையில் வேலை.
கரையான் மிச்சம் வைத்ததைக் கணினியில் ஏற்ற வேண்டும்.
நாளைக்கு முப்பது பேர்.
இனம்: தமிழர். தொழில்: கூலி.
அனுப்பியவர்: தோட்டத்துத் துரை.
நோய்க்கு மட்டும் பக்கம் பக்கமாக அதே மூன்று சொற்கள்.
ரப்பர் விலை விழுந்த வருடம்
ஒரே தோட்டத்திலிருந்து ஒரே வாரத்தில் பதினொரு பேர்.
பைத்தியம் எப்படி அம்மை மாதிரிப் பரவும் என்று கேட்க
எனக்குச் சம்பளம் இல்லை.

நான்காம் புத்தகம், எண் 2217.
ஆங்கிலத்தில் எழுதிய பெயர்.
பச்சையாக இருக்கலாம், பேச்சியாக இருக்கலாம்.
நான் பேச்சாயி என்று வைத்துக்கொண்டேன்.
வயது இருபது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
புக்கிட் மெராந்தி தோட்டம், ஒன்பதாம் லயம்.

டாக்டர் பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும்.
அவள் சொன்னதைக் காதில் விழுந்தபடி
ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்.
அதன் கீழே, கூட வந்த கிராணியின் விளக்கம்:
ரப்பர் பால் உறைந்துவிட்டதாகப் புலம்புகிறாள்.
இன்னும் வெட்டுக்காட்டில் நிற்பதாக நினைப்பு.
அதன் கீழே டாக்டரின் கையெழுத்து.

முதல் தடவை எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.
இரண்டாம் தடவை வாய்விட்டு, மெதுவாக,
டாக்டரின் காதைக் கழித்துவிட்டுப் படித்தேன்.

பால் கட்டிக்கிச்சு சாமி.
ரெண்டு பக்கமும் கல்லாக் கெடக்கு.
புள்ளயக் கொண்டாங்க.

கிராணிக்குத் தெரிந்த பால் ஒன்றுதான்:
வாளியில் வந்து
நிறுவைக்குப் போவது.

அடுத்த மேசை நோர்ஹயாத்திக்கு நான்கு மாதக் குழந்தை.
பதினொரு மணியானால் நீலப் பையோடு ஸ்டோர் அறைக்குள் போவாள்.
கதவுக்குப் பின்னால் சின்ன மோட்டார்
பூனை போல உறுமும்.
அன்றைக்கு அவள் திரும்பியதும் சொன்னேன்.
சூசு என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான்,
இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள்.
மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2217 பன்னிரண்டு வருடம் இருந்தாள்.
கூடை முடைந்தாள். "அமைதி," "நல்ல வேலைக்காரி."
ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளியும் தீர்ந்துபோன ஒரு மாதம்,
பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே சொல்.
அவள் பதினான்காவது வரி.
பால் எந்தத் தேதியில் வற்றியது என்பதற்கு
அந்தப் புத்தகத்தில் கட்டம் போடவில்லை.

என் கணினியில் குறிப்பு என்றொரு கட்டம் உண்டு.
நாற்பது எழுத்து கொள்ளும்.
உள்ளதை உள்ளபடி ஏற்று என்பது விதி.
கிராணி சொன்னதை ஏற்றினேன்.
கடிகாரம் பார்த்தேன். அழித்தேன்.
இபு என்று தட்டினேன், தாய்.
மலாய் எழுத்தில் மூன்று.
மீதி முப்பத்தேழும் காலி.

பிள்ளையைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.
ஆயக்கொட்டகையில் யார் தூக்கினார்கள்,
எந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தது, வளர்ந்ததா.
இப்போதெல்லாம் புதுப் புத்தகம் பிரித்தால்
புக்கிட் மெராந்தியை முதலில் தேடுகிறேன்,
அப்பா பெயர் தெரியாது, அம்மா இங்கே இருந்தவள்
என்று எவராவது வந்திருக்கிறாரா என்று.
இதுவரை இல்லை.
இன்னும் ஏழு புத்தகம் பாக்கி.
இல்லாமலே போகட்டும் என்று
பக்கத்தைத் திருப்புகிறேன்.